கொக்கிப்புழு அறிந்த உடல்

ஆழ்வார்குறிச்சியில் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு உடலைப் பற்றிய பாடம் ஆறாம் வகுப்பிலேயே வந்துவிடுகிறது. தமிழ்நாட்டுப் பாடநூலில் அந்தப் பாடத்தின் தலைப்பே 'மனித உறுப்பு மண்டலங்கள்'தான். எலும்பு, தசை, செரிமானம், சுவாசம், இரத்த ஓட்டம், நரம்பு, கழிவுநீக்கம் என்று வரிசை போகும். ஒன்பதாம் வகுப்பில் செரிமானமும் கழிவுநீக்கமும் விரிவாக வருகின்றன. பத்தாம் வகுப்பில் இதயமும் இரத்தமும் ஒரு பாடம், நரம்பு ஒரு பாடம், ஹார்மோன் ஒரு பாடம், இனப்பெருக்கம் இன்னொரு பாடம். பிள்ளைகள் இவற்றை நன்றாகவே படிக்கிறார்கள். சிறுநீரகத்தின் வடிகட்டி அலகான நெஃப்ரானின் படத்தைப் புத்தகம் பார்க்காமல் வரைந்து, ஒரு பாகம் விடாமல் குறித்துவிடும் மாணவிகள் உண்டு. அதே மாணவியிடம் "உன் சிறுநீரகம் எங்கே இருக்கு, தொட்டுக் காட்டு" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் கை அடிவயிற்றுக்குத்தான் போகும்.

சிறுநீரகம் இருப்பது முதுகுப் பக்கம், கடைசி விலா எலும்புகளை ஒட்டி. மேலே கல்லீரல் அமர்ந்திருப்பதால் வலது சிறுநீரகம் இடதைவிடச் சற்றுத் தாழ்ந்திருக்கும். கல்லடைப்பு வலி முதுகின் பக்கவாட்டில் தொடங்கித் தொடை இடுக்கு வரை இறங்குவது ஏன் என்பது இந்த இடம் தெரிந்தால்தான் புரியும். நெஃப்ரானை அறிந்த பெண்ணுக்குத் தன் சிறுநீரகம் இருக்குமிடம் தெரியாமல் போனதற்கு அவள் பொறுப்பல்ல. அவளுக்குச் சொல்லித்தரும் முறையில்தான் அந்த ஓட்டை இருக்கிறது. உடலை மண்டலங்களாகப் பிரிப்பதை நான் குறை சொல்லவில்லை. பிரித்ததைத் திரும்பச் சேர்க்காமலேயே பிள்ளையைத் தேர்வுக்கு அனுப்பிவிடுகிறோம், அதைத்தான் சொல்கிறேன்.

உடலை எந்த வரிசையில் சொல்வது என்பது பழைய சிக்கல். இத்தாலியின் பொலோஞாவில் உடற்கூறியலாளர் மொண்டினோ 1316 வாக்கில் எழுதிய கையேடு வயிற்றில் தொடங்கி, நெஞ்சுக்கு ஏறி, தலைக்குப் போகும். அதற்குத் தத்துவக் காரணம் எதுவும் இல்லை. பிணத்தில் முதலில் கெடுவது வயிற்றுப் பகுதி, ஆகவே அதை முதலில் அறுத்தாக வேண்டியிருந்தது. 1543-இல் இன்னொரு உடற்கூறியலாளரான வெசாலியஸ் அந்த வரிசையை மாற்றினார். எலும்பு, தசை, இரத்தக் குழாய், நரம்பு, வயிற்று உறுப்புகள், நெஞ்சு உறுப்புகள், மூளை என ஏழு பகுதிகளாக அவருடைய பெருநூல் அமைந்தது. நம் பாடநூலின் மண்டல வரிசைக்கு மூதாதை அதுதான்.

இந்த முறையின் வலிமையை 1628-இல் ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் ஹார்வி காட்டினார். இதயம், தமனி, சிரை மூன்றையும் ஒரே அமைப்பாக எடுத்துக்கொண்டு, ஒரு துடிப்பில் வெளியேறும் இரத்தத்தைத் துடிப்புகளின் எண்ணிக்கையால் பெருக்கிப் பார்த்தார். உண்ணும் உணவிலிருந்து அவ்வளவு இரத்தம் புதிதாக ஊற வழியே இல்லை. போன இரத்தமேதான் திரும்பி வர வேண்டும். குழாய்கள் ஓடும் இடங்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இப்படி ஒரு கணக்கு யாருக்கும் தோன்றியிராது. எந்த உறுப்பு எதற்காக இருக்கிறது என்ற கேள்விக்கு மண்டலப் பகுப்பைப்போல் வேறெதுவும் விடை தருவதில்லை. வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கு வந்த பிள்ளைக்கும் அது எளிது. கலைத்துப் போட்ட செய்திகளை அது ஒழுங்காக அடுக்கித் தருகிறது.

தமிழுக்கும் இந்த வரிசை வந்து நாளாகிறது. 1847-இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன், மானிப்பாயில் தமிழ்வழியிலேயே மேலை மருத்துவம் கற்பித்தார். அவருடைய முயற்சியால் கிரேயின் உடற்கூறு நூல் 1872-இல் 'மனுஷ அங்காதிபாதம்' என்று தமிழில் அச்சேறியது. கிரேயின் மூலநூல் 1858-இல் வெளிவந்தது. அதன் அமைப்பும் மண்டல வரிசைதான். அந்த நூலே இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில், தன் 39-ஆம் பதிப்பில், மண்டல வரிசையை விட்டு உடலின் பகுதிவாரியான வரிசைக்கு மாறிவிட்டது. ஒன்றரை நூற்றாண்டாகக் கட்டிக்காத்த அமைப்பை அவ்வளவு எளிதில் யாரும் கைவிட மாட்டார்கள். கழுத்தில் கத்தி வைக்கும் மருத்துவருக்கு அங்கே இரத்த ஓட்ட மண்டலம் தனியாக, நரம்பு மண்டலம் தனியாக இருப்பதில்லை. மூளைக்குப் போகும் பெருந்தமனி, அங்கிருந்து இறங்கும் பெருஞ்சிரை, இதயம் வரையும் இரைப்பை வரையும் போகும் வேகஸ் நரம்பு ஆகிய மூன்றும் ஒரே உறைக்குள் ஒட்டிக் கிடக்கின்றன. நம் மருத்துவக் கல்லூரிகளில் முதலாண்டு மாணவர்கள் உடலை அறுத்துப் படிப்பதும் கை, கால், நெஞ்சு, வயிறு, தலை என்று பகுதி பகுதியாகத்தான். 1965-இல் தொடங்கிய திருநெல்வேலி மருத்துவக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கும். போகாத பிள்ளைக்குப் பத்தாம் வகுப்புப் புத்தகத்தோடு உடலறிவு நின்றுவிடுகிறது. பெரும்பாலான பிள்ளைகளின் நிலை இதுதான்.

அதன் விளைவு சில வேளை உயிரையே குடிக்கிறது. ஐம்பதைத் தாண்டிய ஒருவர் இராத்திரிச் சாப்பாட்டுக்குப் பின் மேல்வயிற்றை இறுக்குகிறது என்கிறார். குமட்டுகிறது, வேர்த்துக் கொட்டுகிறது. "வாய்வு அடைச்சிருக்கு, ஒரு சோடா குடிச்சா சரியாப் போவும்" என்பதுதான் இந்தப் பக்கத்து வீடுகளில் முதலில் வரும் பேச்சு. சோடா வரும், அடுத்து ஓமத் தண்ணீர், அப்புறம் சுக்கு வெந்நீர். வலி வயிற்றில், வயிறு செரிமானப் பாடத்தில், அதனால் இது செரிமானக் கோளாறு. படித்த மகனும் அப்படித்தான் நினைக்கிறான், அவன் படித்த பாடத்தின்படி அதில் தவறும் இல்லை.

ஆனால் பாடங்களைப் பிரிக்கும் அந்தச் சுவர் உடலுக்குள் இல்லை. இதயத்தின் அடிப்புறம் உதரவிதானத்தின் மேல் படிந்திருக்கிறது. அந்தத் தசைத் தகட்டுக்கு அடியிலேயே இரைப்பையும் கல்லீரலும் இருக்கின்றன. இதயத்தின் அந்த அடிப்புறச் சுவருக்கு இரத்தம் நின்றால், வலி மேல்வயிற்றிலேயே தெரியலாம், குமட்டலும் வரலாம். இதயத்திலிருந்து வலியைக் கொண்டுவரும் நரம்புகளும் இடது கையின் உட்புறத்து நரம்புகளும் தண்டுவடத்துக்குள் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நுழைவதால் கைவலியாகவும் அது வெளிப்படும். பெண்களிடமும் முதியவர்களிடமும் சர்க்கரை நோயாளிகளிடமும் நெஞ்சுவலியே இல்லாமல் மாரடைப்பு வருவதுண்டு. பாடநூலில் உதரவிதானம் சுவாசப் பாடத்தில் வருகிறது, இரைப்பை செரிமானப் பாடத்தில், இதயம் சுற்றோட்டப் பாடத்தில். மூன்றும் ஒன்றின்மேல் ஒன்றாக, இடையில் விரற்கடை இடைவெளிகூட இல்லாமல் இருக்கின்றன என்ற செய்தி எந்தப் பாடத்துக்கும் சொந்தமில்லை.

2023-இல் தமிழ்நாடு அரசு 'இதயம் காப்போம்' திட்டத்தைத் தொடங்கி, மாரடைப்புக்கான முதல் மருந்தை ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை நிலையங்களிலுமே வைத்திருக்கிறது. திருநெல்வேலி ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனைக்குப் பேருந்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் பயணம் செய்ய வேண்டிய ஊருக்கு அது எவ்வளவு பெரிய வரம்! ஆனால் வீட்டிலிருப்பவருக்கு 'இது இதயமாகவும் இருக்கலாம்' என்று தோன்றினால்தான் அந்த மருந்து பயன்படும்.

உறுப்புகளின் இடத்தை அடுத்து மண்டலப் பாடம் தவறவிடும் இரண்டாவது செய்தி, ஓர் உறுப்பிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வழி. இதற்கு நல்ல ஆசிரியர் கொக்கிப்புழு. கடனாநதிப் பாசனத்து வயல்காட்டிலும் வாய்க்கால் கரையிலும் செருப்பில்லாமல் நடக்கும் கால்களை நினைத்துக்கொள்ளுங்கள். மலத்தோடு மண்ணில் விழுந்த முட்டை ஈர மண்ணில் பொரித்து, ஒரு வாரம் பத்து நாளில் ஊடுருவும் பருவத்துக்கு வளர்கிறது. கண்ணுக்குச் சட்டென்று தென்படாத அந்தக் குட்டிப்புழு விரலிடுக்கின் தோலைத் துளைக்கிறது. அந்த இடம் கொஞ்சம் அரிக்கும். அங்கிருந்து சிறு சிரை, பெருஞ்சிரை, இதயத்தின் வலப்பக்கம், அங்கிருந்து நுரையீரல். காற்று நுண்ணறைச் சுவரைக் கிழித்து வெளியே வந்து, மூச்சுக்குழாய் வழியே தொண்டை வரை ஏறுகிறது. அப்போது வறட்டு இருமல் வரலாம். தொண்டையில் அதை நாம் விழுங்குகிறோம். இரைப்பையைத் தாண்டிச் சிறுகுடலில் தங்கி, ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்கு வளர்ந்து, குடற்சுவரைக் கவ்விக்கொண்டு இரத்தம் குடிக்கிறது.

தோல், இரத்த ஓட்டம், சுவாசம், செரிமானம் என நான்கு மண்டலங்கள் ஒரே பயணத்தில் வந்துவிட்டன. இன்னும் முடியவில்லை. இந்தியாவில் அதிகம் காணப்படும் வகையில் ஒரு புழு நாளொன்றுக்கு எடுப்பது சுமார் 0.03 மில்லிலிட்டர் இரத்தம். 100 புழுக்கள் இருந்தால் மாதத்துக்கு 90 மில்லிலிட்டர். வயதுக்கு வந்த பெண்ணுக்கு மாதவிடாய் இழப்பும் இதோடு சேரும்போது இரும்புச்சத்து தீர்கிறது, ஹீமோகுளோபின் குறைகிறது, ஆக்சிஜன் போதாமல் இதயம் வேகமாகத் துடிக்கிறது, மாடிப்படி ஏறினால் மூச்சிரைக்கிறது, வகுப்பில் மனம் நிலைக்க மறுக்கிறது. அந்தப் பெண்ணுக்குப் பள்ளியில் வாரந்தோறும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரை தருகிறார்கள். 2015 முதல் பிப்ரவரி 10 தேசியக் குடற்புழு நீக்க நாளாக நடக்கிறது, அல்பெண்டசோல் மாத்திரையை வகுப்பிலேயே மெல்லச் சொல்கிறார்கள். இரண்டும் அருமையான திட்டங்கள். மாத்திரையைக் கையில் வாங்கும் அந்த நிமிடத்தைவிட உடலைச் சொல்லித்தர நல்ல நேரம் கிடைக்குமா? பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் இந்திய அட்டையின் ஒட்டுறிஞ்சிகளைப் பற்றி விரிவாகவே இருக்கிறது. அட்டை கடித்தால் உப்பைப் போட்டால் விழுந்துவிடும். குடலில் கவ்விக்கொண்ட கொக்கிப்புழுவின் வழியை அந்த அளவு விரிவாகச் சொன்னால், செருப்பும் கழிப்பறையும் ஏன் என்று தனியாகப் பிரசங்கம் செய்ய வேண்டியிராது.

பீடியையும் இங்கே சொல்லியாக வேண்டும். முக்கூடல், ஆலங்குளம், கடையம் என்று இந்தச் சுற்றுவட்டாரம் முழுக்கப் பெண்கள் மடியில் சுளகை வைத்துக்கொண்டு பீடி சுற்றிப் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார்கள். தூளிலிருக்கும் நிக்கோடின் விரல் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உள்ளே போகிறது, இரத்தத்தில் கலந்து நரம்பைத் தூண்டுகிறது, அட்ரினல் சுரப்பியைக் கிளப்பி இதயத்தை விரட்டுகிறது, கல்லீரலில் கோட்டினினாக மாறிச் சிறுநீரில் இறங்குகிறது. சுற்ற மட்டும் செய்து ஒருநாளும் புகைக்காத பெண்ணின் சிறுநீரிலும் கோட்டினின் தென்படும். பள்ளி விட்டு வந்து அம்மா பக்கத்தில் உட்காரும் பிள்ளைக்கு இதைவிட நெருக்கமான உடற்கூறு வேறு எது?

மண்டலப் பகுப்பால் வரும் இன்னொரு கேட்டை யாரும் பேசுவதில்லை. தனிப்பாடமாக இருப்பதைத் தாண்டிப் போவது சுலபம். இனப்பெருக்கப் பாடத்தை "வீட்டில் படிச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டு நகரும் வகுப்புகள் எத்தனையோ. மாதவிடாய் இரத்த சோகையோடும் ஹார்மோனோடும் எலும்பின் வலிமையோடும் சேர்ந்து வந்தால் அப்படித் தாண்ட முடியாது.

மாற்று என்று சிலர், உடலின் உயிர்நிலைப் புள்ளிகளைச் சொல்லும் வர்மக் கலையைக் காட்டுவார்கள். நம் தென்மாவட்டங்களின் சொத்து அது. 108 புள்ளிகள், அவற்றில் 12 படுவர்மம், 96 தொடுவர்மம் என்பது பொதுவான கணக்கு. ஆசான் மாணவனின் விரலைப் பிடித்து உடலின் மேல் வைத்துக் கற்றுத்தருகிறார். நம் பள்ளிப் பாடத்தில் இல்லாத இடமறிவு அங்கே முதல் பாடமாக இருக்கிறது. இதை மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் இரகசியம் காத்து ஆசானிடமிருந்து சீடனுக்குப் போகும் அறிவில் பிழை இருந்தால் அதைக் கண்டுபிடிக்க ஆளில்லை. புள்ளிக்கு அடியில் இருப்பது நரம்பா, குழாயா, மூட்டா என்று அறுத்துப் பார்த்துச் சரிபார்க்கும் வழக்கமும் அந்த மரபில் வளரவில்லை. பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி மாணவர்கள் வர்மத்தோடு இன்றைய உடற்கூறியலையும் படிக்க வேண்டியிருப்பது அதனால்தான். பள்ளி இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது தொட்டறியும் பழக்கத்தை மட்டும். கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் நாடி, நெஞ்சு நடுவெலும்பின் முனை, கடைசி விலா எலும்பு, ஓடிவிட்டு வந்தபின் மூச்சின் எண்ணிக்கை: இதற்கு ஆய்வகமோ காசோ தேவையில்லை.

ஆசிரியர்கள் சொல்லும் தடை எனக்குத் தெரியும். பாடவேளை போதாது, பகுதி முடிய வேண்டும், பையன் தேறியாக வேண்டும். இந்தத் தடை உண்மையானது, அதனால்தான் மண்டல வரிசையைத் தூக்கிப்போடச் சொல்லவில்லை. பத்தாம் வகுப்பு அறிவியல் வினாத்தாள் 75 மதிப்பெண்ணுக்கு. அதில் ஏழு மதிப்பெண் வினாக்களுக்கு மட்டும் 21. இதயத்தின் படத்தை வரைந்து பாகங்களைக் குறிக்கச் சொல்லும் ஏழு மதிப்பெண்ணை ஓராண்டு இப்படிக் கேட்கலாம்: 'வெறுங்காலுடன் வயலில் நடந்த ஒரு மாணவிக்குச் சில மாதங்களில் இரத்த சோகை வந்தது. புழு சென்ற வழியைப் படமாக வரைந்து, கடந்த உறுப்புகளைக் குறி. அவளுக்குப் படி ஏறும்போது மூச்சிரைப்பது ஏன்?' இதற்கு விடை எழுத இதயத்தின் நான்கு அறைகளும் தெரிந்திருக்க வேண்டும், ஆகவே பழைய பாடம் எதுவும் வீணாவதில்லை. கைடுகளும் உடனே அந்த வழியை அச்சடித்துவிடும், பிள்ளைகள் அதையும் மனப்பாடம் செய்வார்கள். செய்யட்டும். அடுத்த ஆண்டு பீடித்தூளைக் கேட்கலாம், அதற்கடுத்த ஆண்டு 'வாய்வு' என்று சோடா குடித்த தாத்தாவைக் கேட்கலாம்.