சுருள் விளக்கு அணையும் வரை

டீசல் வண்டியில் சாவியைத் திருப்பியதும் டாஷ்போர்டில் மஞ்சள் நிறத்தில் ஒரு சுருள் எரியும். அது அணையும்வரை காத்திருக்கிற சில நொடிகள் எனக்கு மிகவும் பிடிக்கும்.

டீசல் இன்ஜினில் தீப்பொறி கிடையாது. காற்றை இறுக்கி அழுத்த, அந்தச் சூட்டிலேயே எரிபொருள் பற்றிக்கொள்ளும். லடாக்கின் லே நகரத்து ஜனவரி விடியலில், மைனஸ் 20 டிகிரியில், விறைத்துக் கிடக்கும் இரும்பு அந்தச் சூட்டைக் குடித்துவிடும். அப்போது குளோ பிளக் என்ற சிறு சூடேற்றிதான் தணலாய்ச் சிவந்து கைகொடுக்கிறது; டாஷ்போர்டில் எரியும் சுருள் அதன் அறிகுறி.

குளிர் டீசலையும் விடாது. அதிலுள்ள மெழுகு திரண்டு ஃபில்டரை அடைத்துக்கொள்ளும். லடாக் ஓட்டுநர்கள் மண்ணெண்ணெய் கலந்து பார்த்தார்கள். டேங்குக்கு அடியில் நெருப்பு மூட்டியவர்களும் உண்டு, நினைத்தாலே பதறுகிறது. 2019இல் இந்தியன் ஆயில், மைனஸ் 33 டிகிரியிலும் உறையாத குளிர்கால டீசலை அங்கே கொண்டுவந்தது.

விளக்கு அணைந்து இன்ஜின் ஸ்டார்ட் ஆனதும் முதலில் கடகடவென்று இருமல், கொஞ்சம் வெள்ளைப் புகை. பிறகு சத்தம் மெல்ல மெல்ல வழவழப்பாகும். அந்த மாற்றத்தைக் காதாலேயே அறிகிறவர்தான் நல்ல ஓட்டுநர்.

நின்ற இடத்தில் அரைமணி நேரம் உறுமவிடாதீர்கள். ஓடும்போதுதான் இன்ஜின் சீக்கிரம் சூடேறும். முதல் சில கிலோமீட்டர் மெதுவாக ஓட்டுங்கள்.