சாம்பல் தெரிந்தால் பச்சை தெரியும்

கடையில் மொனிட்டர்களை வரிசையாக வைத்து மயிலையும் மாம்பழத்தையும் ஓடவிட்டிருப்பார்கள். எந்தத் திரையிலும் மயில் அழகாகத்தான் இருக்கும். படம் திருத்தி அச்சுப் போடுகிறவருக்கு அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை. ஹந்தானையில் பனிமூட்டத்தில் எடுத்த படம் ஒன்றைப் பென்டிரைவில் கொண்டுபோய்ப் போட்டுப் பாருங்கள். எது நல்ல திரை, எது சுமாரான திரை என்பதை அந்த ஒரு படமே காட்டிக்கொடுத்துவிடும்.

கண்டி நகருக்குத் தெற்கே எழும் அந்த மலையில், விடியற்காலையில் பைனஸ் மரங்கள் அடுக்கடுக்காகப் பனிக்குள் போகும். முதல் வரிசை கரும்பச்சை. அடுத்தது நீலம் கலந்த சாம்பல். மூன்றாவது வெறும் நிழல். நான்காவது இருக்கிறதா இல்லையா என்று கண் தடுமாறும். அந்த நான்காவது வரிசையைத்தான் பார்க்க வேண்டும். மட்டமான திரையில் அது வெள்ளையோடு கரைந்துவிடும். சில திரைகளில் பனி முழுவதும் லேசாக ரோஸ் அடிக்கும். இன்னும் சிலவற்றில் மென்மையாக இறங்க வேண்டிய பனி பட்டை பட்டையாகப் பிரிந்து நிற்கும்.

காரணம் எளிது. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் சமமாக நின்றால்தான் சாம்பல். ஒன்று சற்றே கூடினாலும் கண் பிடித்துவிடும். மயிலின் நீலம் கொஞ்சம் பிசகினால் யாருக்கும் தெரியாது. பனி பிசகினால் தெரியும். 8 பிட் திரையில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள், 10 பிட்டில் 1024. பனி பட்டையாகப் பிரிவதும் பிரியாததும் பெரும்பாலும் இந்தப் படிகளைப் பொறுத்தது. ஒரே சாம்பலைத் திரை முழுக்க நிரப்பி நான்கு மூலைகளையும் பாருங்கள். பிறகு தலையைப் பக்கவாட்டில் நகர்த்துங்கள். நிறம் மாறாமல் நின்றால் அது ஐபிஎஸ் வகைப் பேனலாக இருக்க வாய்ப்பு அதிகம்.

ஒளிப்படக்காரர் சார்ள்ஸ் ஸ்கோவன் 1870களில் கண்டியில் ஸ்டூடியோ வைத்திருந்தார். பேராதனைத் தோட்டத்துச் செடிகளை அவர் எடுத்த படங்கள் இன்றும் மதிக்கப்படுகின்றன. அக்காலத்து ஈரக் கொலோடியன் தட்டுக்கு நீல ஒளிதான் நன்றாகப் புரியும். அதனால் இலை கறுக்கும், வானம் வெளுக்கும். எது கறுப்பு, எது வெள்ளை என்பதை இரசாயனமே தீர்மானித்தது. இன்று அந்தத் தீர்ப்பை நாம் திரையைப் பார்த்து எழுதுகிறோம். திரை பொய் சொன்னால் தீர்ப்பும் பொய்யாகும்.

சாம்பல் தேறிய பிறகு பச்சைக்கு வரலாம். வெயில் பின்னாலிருந்து ஊடுருவும் தேயிலைக் கொழுந்தின் மஞ்சட்பச்சையும் முற்றிய இலையின் கரும்பச்சையும் வேறு வேறாகத் தெரிய வேண்டும். 1996இல் முன்வைக்கப்பட்ட எஸ்ஆர்ஜிபி நிறவெளி, அதாவது காட்டக்கூடிய நிறங்களின் எல்லை, சாதாரணத் திரைகளை மனத்தில் வைத்து உருவானது. 1998இல் வந்த அடோபி ஆர்ஜிபி பச்சையிலும் சயானிலும் அதைவிட அகலம். நல்ல இங்க்ஜெட் பிரிண்டர் எஸ்ஆர்ஜிபிக்கு வெளியே உள்ள சில பச்சைகளையும் தாளில் கொண்டுவரும். அவற்றைக் காட்டாத திரையில் திருத்துகிறவர் அந்த இடங்களில் அனுமானத்தில்தான் வேலை செய்கிறார். இணையத்துக்கு மட்டும் படம் போடுகிறவருக்கு எஸ்ஆர்ஜிபி தாராளமாகப் போதும்.

பெட்டியில் எந்தச் சான்றிதழ் இருந்தாலும் திரை நாளடைவில் நிறம் மாறும்; அதனால் கண்ணை மட்டும் நம்பாமல் அளக்க வேண்டும். ஹந்தானைத் தேயிலை அருங்காட்சியகத்துக்குப் போனவர்களுக்கு இதை எளிதாக விளக்கலாம். 1925இல் கட்டிய தொழிற்சாலையில் 2001இல் திறந்த அருங்காட்சியகம் அது. தேயிலை ருசி பார்க்கிறவர் தன் நாக்கை மட்டும் நம்புவதில்லை. எல்லாக் கோப்பையும் வெள்ளைப் பீங்கான், 100 மில்லிலீற்றர் நீருக்கு 2 கிராம் தேயிலை, ஆறு நிமிடம். இது ஐஎஸ்ஓ 3103 சொல்லும் முறை. மற்றதெல்லாம் ஒன்றாக இருந்தால்தான் தேயிலையின் வித்தியாசம் தெரியும். திரையின் மேல் ஒட்டிவைத்து அளக்கும் கலிபிரேஷன் கருவியும் அந்த ஒழுங்கைத்தான் தருகிறது. அரை மணிநேரம் திரையைச் சூடாக விட்டு, மாதம் ஒருமுறை அளந்தால் போதும். நிறப்பிழையைக் குறிக்கும் டெல்டா ஈ 2க்குள் நின்றால் பெரும்பாலும் கண்ணுக்குக் குறை தெரியாது.

"திரையில் பளிச்சென்று இருந்தது, பிரிண்ட் இருட்டாக வந்துவிட்டதே" என்ற புலம்பலில் குற்றவாளி பெரும்பாலும் பிரிண்டர் அல்ல. பல திரைகள் கடையிலிருந்து வரும்போதே சதுர மீற்றருக்கு 250, 300 கண்டெலா வெளிச்சத்தில் எரியும். தாளுக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. திரையை 80 முதல் 120 கண்டெலாவுக்குள் இறக்கினால் இரண்டும் பேசத் தொடங்கும். வந்த பிரிண்டை மஞ்சள் பல்பின் கீழ் பிடித்துப் பார்த்துத் திரையைத் திட்டவும் கூடாது; அச்சைப் பார்ப்பதற்கு ஐஎஸ்ஓ 3664 வகுத்திருப்பது டி50, அதாவது ஏறத்தாழ 5000 கெல்வின் ஒளி. தாளின் நிறப் புரொபைலை ஏற்றி, திரையிலேயே முன்னோட்டம் பார்ப்பதும் நல்லது. மட் தாளில் கறுப்பு எவ்வளவு வெளிறும், கரும்பச்சையில் எது அமுங்கும் என்பது மை செலவாகும் முன்பே தெரிந்துவிடும்.

ஈசோ நிறுவனத்தின் கலர்எட்ஜ் மொனிட்டர் வரிசையில் சில மாடல்கள் அளக்கும் கருவியை உள்ளேயே வைத்து வருகின்றன. பார்க்கப் பார்க்க ஆசை வரும். விலை கேட்டால் ஆசை அடங்கும். கையில் உள்ள பணத்துக்கு 32 அங்குல 4கே திரை மட்டும் வாங்குவதா, 24 அங்குல ஐபிஎஸ் திரையோடு கலிபிரேஷன் கருவியும் வாங்குவதா என்று கேட்டால், இரண்டாவதுதான் என்று யோசிக்காமல் சொல்வேன். பெரிய திரையில் பிழையும் பெரிதாகத்தான் தெரியும் என்று நினைக்க வேண்டாம். அளக்காத திரையில் பிழை தெரியவே தெரியாது, தாளில்தான் தெரியும்.