பூவனும் வாதாமும்

“வாழப்பழம் போட்டுக் காய்ச்சிருக்கானுகளா தம்பி?” என்று கேட்டார் அண்ணன். முதல் மடக்கு உள்ளே போய் அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. அண்ணன் என் உடன்பிறந்தவர் அல்ல. தேனிப் பக்கம் வாழைத்தோட்டம் வைத்திருப்பவர், ஆண்ட்வெர்ப்பில் இருக்கும் மகளைப் பார்க்க வந்திருந்தார். பக்கத்து வீட்டுக்காரன் என்ற உரிமையில் வெஸ்ட்மல்லே மடத்துக்கு எதிரிலுள்ள கஃபேவுக்கு நான்தான் அவரைக் கூட்டிப் போனேன்.

“பழம் எதுவும் போடலண்ணே. பார்லி, ஹாப்ஸ், சர்க்கரை, ஈஸ்ட், தண்ணி. அவ்வளவுதான்.”

அவர் நம்பவில்லை. காலுள்ள அந்த அகன்ற கோப்பைக்குள் மூக்கை விட்டு இன்னொரு தரம் இழுத்தார். “பூவன் தம்பி இது. நல்லாப் பழுத்துக் காம்பு கறுக்குமே, அந்தப் பக்குவம்.”

பல வருடமாக பியரைச் சுவைத்துக் குறிப்பு எழுதி வருகிறேன். ‘பழ வாசம்’ என்று ஒரு வார்த்தை போட்டுவிட்டு அடுத்த வரிக்குத் தாவிவிடுவதுதான் என் வழக்கம். எந்தப் பழம், பழுத்து எத்தனையாவது நாள் என்று நானும் சொன்னதில்லை, நான் படித்தவர்களும் சொன்னதில்லை. அண்ணன் சொன்னது வெறும் உவமையும் அல்ல. வாழைப்பழத்துக்கு அந்த மணத்தைத் தரும் ஐசோஅமைல் அசிட்டேட் என்ற பொருளை, நொதிக்கும்போது ஈஸ்ட்டும் உண்டாக்குகிறது. தோட்டத்தில் மோந்ததையேதான் அவர் இங்கேயும் மோந்தார்.

வெஸ்ட்மல்லே மடத்தின் டிராப்பிஸ்ட் துறவிகள் 1836இலிருந்து பியர் காய்ச்சுகிறார்கள். நாங்கள் குடித்த டிரிப்பல் 1934இல் வந்தது. 1956இல் ஹாப்ஸை மாற்றியமைத்த பிறகு அதன் செய்முறையில் பெரிதாகக் கை வைக்கவில்லை. பொன்னிறம், 9.5 சதவீத ஆல்கஹால். உலகம் முழுக்க ‘டிரிப்பல்’ என்ற பெயரில் இன்று காய்ச்சப்படும் பெரும்பாலானவற்றுக்கு இதுதான் மாதிரி. இதைப் பற்றித்தான் ஆறு வருடத்துக்கு முன்பு, ‘புகழ் அதிகம், சரக்கு குறைவு’ என்று எழுதி 50க்கு 34 போட்டேன்.

50 என்பது பியர் போட்டி நடுவர்களின் கணக்கு. வாசனைக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் தரும் உணர்வுக்கு 5, மொத்த அபிப்பிராயத்துக்கு 10. தோற்றத்துக்கு வெறும் மூன்றுதானா என்று எனக்கு எப்போதும் ஒரு மனக்குறை உண்டு. இந்த டிரிப்பலின் நுரையைப் பார்த்தால் உங்களுக்கும் தோன்றும். கெட்டியாக, வெள்ளை வெளேரென்று நின்று, இறங்கும்போது கண்ணாடியில் வளையம் வளையமாகக் கோடு போட்டுக்கொண்டே இறங்குகிறது.

முதலில் அண்ணனின் பூவன். அடுத்து ஆரஞ்சுத் தோலைக் கிள்ளினால் தெறிக்குமே, அந்த எண்ணெய் வாசம். தூரத்தில் துளி கிராம்பு. இவ்வளவு பழம் இருந்தால் இனிப்பு வாயில் ஒட்டும் என்றுதான் எதிர்பார்ப்போம். ஒட்டவில்லை. காய்ச்சும்போது சேர்க்கும் சர்க்கரையை ஈஸ்ட் முழுசாகத் தின்றுவிடுவதால் உடம்பு மெலிந்து, முடிவு வறண்டுவிடுகிறது. கடைசியில் ஹாப்ஸின் கசப்பு வந்து எல்லாவற்றையும் துடைத்து எடுக்கிறது. இந்தக் கசப்புதான் இதன் முதுகெலும்பு. அது இல்லாவிட்டால் பழரசத்தில் சாராயம் ஊற்றிய கதைதான்.

அப்படியென்றால் அன்று நான் குடித்தது என்ன?

மறுநாள் சாயங்காலம் வீட்டு நிலவறையிலிருந்து ஒரு பழைய பாட்டிலை எடுத்தேன். அதே டிரிப்பல், லேபிளில் அச்சிட்ட தேதி முடிந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. நுரை எழுந்து சீக்கிரமே அமுங்கியது. நிறம் ஒரு படி கூடியிருந்தது. பூவனைக் காணோம். அந்த இடத்தில் தேன், உலர்ந்த திராட்சை, அதற்குப் பின்னால்… இங்கேதான் தமிழ் காலை வாருகிறது. ஆங்கிலத்தில் ‘நட்டி’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். ‘கொட்டைச் சுவை’ என்றால் எனக்குப் புளியங்கொட்டைதான் ஞாபகம் வருகிறது. அண்ணனிடம் கேட்டேன். “ஊறவச்ச வாதாம், தோல உரிக்காம கடிச்ச மாதிரி” என்றார். அதன் துவர்ப்புவரைக்கும் சரியாக இருந்தது.

புது பாட்டிலிலும் மால்ட் தரும் முந்திரிச் சாயல் மெலிதாக உண்டு. வாதாம் வேறு. அது பாட்டிலுக்குள் மிஞ்சிய ஆக்சிஜனும் வருடங்களும் சேர்ந்து செய்த வேலை. அதே வருடங்களில் வாழைப்பழ மணம் சிதைந்துபோகிறது, ஹாப்ஸின் கசப்பும் தேய்ந்துபோகிறது. ஆறு வருடத்துக்கு முந்தைய என் குறிப்பை எடுத்துப் பார்த்தேன். ‘தேன், திராட்சை, கசப்பு போதாது, தளர்ந்த நுரை.’ அட்சரம் பிசகாமல் இந்தப் பழைய பாட்டிலின் ஜாதகம். அன்று வாங்கியது ஒரு தள்ளுபடிக் கடையில், விளக்குக்குக் கீழே வரிசையாக நிறுத்தியிருந்த அலமாரியிலிருந்து. தேதியைப் பார்க்கவேயில்லை. கடையும் காலமும் செய்ததைத் துறவிகள் தலையில் கட்டிவிட்டேன். அந்த 34ஐ நம்பி இதை ஒதுக்கியதாகச் சொன்ன வாசகர்கள் மூன்று பேரை எனக்குத் தெரியும். மன்னிக்கவும்.

ஒயினைப் போல முதிர்ச்சி என்று இதைக் கொண்டாடுகிறவர்கள் இருக்கிறார்கள். நிலவறையில் ஒழுங்காக வைத்த பாட்டில் கெட்டுப்போகவில்லை, அழகாகவே மாறியிருந்தது என்பதை நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முதுகெலும்பு தேய்ந்ததை முதிர்ச்சி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நடுவர் தாளில் இந்த வாதாம் பெரும்பாலும் குறையாகத்தான் பதிவாகும். நான் குறையென்று எழுதவில்லை, வேறு பியர் என்று எழுதுகிறேன்.

புதியது: வாசனை 11, தோற்றம் 3, சுவை 18, உணர்வு 5, மொத்தத்தில் 9. ஆக 46.

பழையது: 9, 2, 15, 4, 9. ஆக 39. பாட்டிலின் வயதையும் பக்கத்தில் குறித்திருக்கிறேன், இனி எல்லாவற்றுக்கும் குறிப்பேன்.

“பழசுக்கு இன்னும் ஒரு அஞ்சு சேத்துப் போடு தம்பி” என்றார் அண்ணன். முடியாது என்றேன். அவர் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து, அடியில் படிந்திருந்த ஈஸ்ட்டோடு மிச்சத்தைத் தன் கோப்பையிலேயே ஊற்றிக்கொண்டார்.