தங்கவயலும் இசைக்காணொளியும்: திட்டக்கோப்பும் விளம்பரத்தாளும் குறித்த ஒரு திறனாய்வு

பாட்டைக் காட்சியாக்கும் பயிற்சி இன்று காட்சித் தொடர்பியல் பயிலும் மாணவர்தம் பாடத்திட்டத்தில் நிலைபெற்றுவிட்டது. மூன்று முதல் ஐந்து நிமிடம் ஓடும் ஓர் இசைக்காணொளி, அதனோடு ஒட்டிய சுவரொட்டி, இசைத்தட்டின் மேலுறை, முன்னோட்டத் துணுக்கு ஆகியவை ஒரு தொகுதியாகக் கேட்கப்பெறுகின்றன. பிரித்தானியாவில் ஓ.சி.ஆர். தேர்வு வாரியம் 2008இல் நடைமுறைப்படுத்திய ஊடகக் கல்விப் பாடத்திட்டத்தின் இரண்டாமாண்டுத் தொகுப்பில், நூற்றுக்கு இருபது மதிப்பெண் ஆய்வுக்கும் திட்டமிடலுக்கும் ஒதுக்கப்பட்டிருந்தது. காணொளிக்கும் அதன் துணைப்பொருள்களுக்கும் சேர்த்து அறுபது. எஞ்சிய இருபது தன்மதிப்பீட்டிற்கு. இப்பங்கீட்டில் ஒரு நுட்பம் உண்டு. படம் எடுக்குமுன் மாணவர் என்ன தேடினார், யாரைக் கேட்டார், எதைத் தள்ளினார் என்பவையும் படைப்பின் பகுதியாகவே கொள்ளப்பட்டன. தமிழ்ச் சூழலிலோ இக்கோப்பு பெரும்பாலும் படப்பிடிப்பு முடிந்தபின் எழுதப்படும் சடங்காகவே எஞ்சுகிறது. இடம் எது என்ற வினாவுக்கு 'அழகாக இருந்தது' என்ற விடையே அதில் காணக்கிடைக்கும்.

அத்தகைய 'அழகான' இடங்களுள் ஒன்றாகக் கோலார் தங்கவயல் மாறியுள்ளது. நிலத்தைத் தேர்ந்த பின் அதனை எவ்வாறு ஆராய்தல் வேண்டும், அந்நிலத்து மக்களின் பெயர் பாட்டிலும் படத்திலும் விளம்பரத்தாளிலும் எங்ஙனம் நிற்கிறது அல்லது நிற்காமற்போகிறது என்பதைத் தங்கவயலை முன்னிறுத்தி நோக்குவது இக்கட்டுரையின் பொருளாகும்.

நிலமும் திரிபும்

தங்கவயலில் முதலில் கண்ணிற்படுவன சாம்பல் நிறக் குன்றுகள். ஊரார் அவற்றைச் சயனைடு மலை என்பர். அவை மலைகள் அல்ல. சுரங்கத்திலிருந்து கொணர்ந்த பாறையை மாவாக அரைத்து, சயனைடுக் கரைசலால் பொன்னைப் பிரித்தெடுத்தபின் கொட்டப்பட்ட கழிவு மண். 1880இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் பொறுப்பேற்றது முதல் 28.02.2001இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது வரை, ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டுகளில் 800 டன்னுக்கும் மேற்பட்ட பொன் இங்கிருந்து எடுக்கப்பட்டதாகக் கணக்கிடுவர். பொன் போயிற்று, மாவு நின்றது. பதின்மூன்று குவியல்களில் கிடக்கும் அக்கழிவின் அளவு மூன்று கோடியே முப்பது இலட்சம் டன் எனப்படுகிறது. காற்றடிக்கும் பருவத்தில் அத்தூள் குடியிருப்புகளுக்குள் புகுகிறது.

தொல்காப்பியம் பாலைக்குத் தனி நிலம் வகுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு கெட்டுப் பாலையாவதைச் சிலப்பதிகாரம் காடுகாண் காதையில் உரைக்கிறது. இம்மரபைத் தங்கவயலோடு பொருத்திப் பார்ப்பது வலிந்து செய்யும் வேலை அன்று. இங்கும் ஒரு நிலம் திரிந்திருக்கிறது. ஆனால் திரித்தது ஞாயிற்றின் வெம்மையன்று, தொழில். ஆகவே இக்குன்றின்மீது ஒரு பாடகனை நிறுத்திக் காதற்பாட்டு எடுக்கும் மாணவர், தாம் அறியாமலே, பிறருடைய உழைப்பின் எச்சத்தின்மீது அவனை நிறுத்துகிறார். அதனை அறிந்து செய்யலாம், தவறில்லை. அறியாமற் செய்யும்போது நிலம் வெறும் திரைச்சீலையாகிவிடுகிறது.

முதல், கரு, உரி என்னும் பகுப்பு திட்டக்கோப்பிற்கு உகந்த ஆய்வுக்கருவியாகும். முதற்பொருளுள் இடம் மேற்கூறிய குன்றும் மூடப்பட்ட சுரங்கவாயும் தொழிலாளர் 'லைன்' வீடுகளும். பொழுதோ சற்று நுணுகிக் காணவேண்டியது. சுரங்கம் ஓடிய காலத்தில் ஊரின் பொழுதைப் பகுத்தது ஞாயிறு அன்று, பணிமுறை. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேலான ஆழம் உடையது. அவ்வாழத்தில் காலையும் மாலையும் இல்லை. கருப்பொருளில் தெய்வம், உணா, பறை, தொழில் என வருவனவற்றைத் தங்கவயலுக்கு நிரப்பும்போதுதான் மாணவர் ஊராரிடம் சென்று கேட்டே ஆகவேண்டிய நிலை உண்டாகிறது. பணிக்கு அழைத்த சங்கு எந்நேரங்களில் ஒலித்தது, இறங்குமுன் தொழிலாளர் எத்தெய்வத்தை நினைத்தனர், சாவு வீட்டில் எத்தோற்கருவி முழங்கிற்று என்பன நூலகத்தில் எளிதில் கிட்டா. களத்தில் கிட்டும். அவ்வாறு திரட்டியவையே ஒலிப்பதிவுக்கும் அடிப்படையாகும்.

உரிப்பொருள் பிரிவு. சுரங்கம் மூடப்பட்டபின் தங்கவயலின் ஆயிரக்கணக்கானோர் விடியுமுன் மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் தொடர்வண்டியில் பெங்களூருவுக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்புகின்றனர். பொருள்வயிற் பிரிவு இங்கு நாள்தோறும் நிகழ்கிறது, வழிச்செலவே வாழ்க்கையாகிறது. தங்கவயலை முன்னிட்டு எடுக்கப்படும் காணொளிக்கு இத்தொடர்வண்டியைக் காட்டிலும் பொருத்தமான காட்சிக்களம் வேறில்லை எனலாம். ஆயினும் குன்றே கவர்கிறது. குன்று அசையாது நின்று படமெடுக்க இடங்கொடுக்கிறது. வண்டியில் நிற்கவே இடமில்லை.

பெருந்திரை விட்டுச்சென்ற முன்மாதிரி

மாணவரின் கண்ணைப் பயிற்றுவிப்பது பாடநூலன்று, திரைப்படம். 2018 டிசம்பரிலும் 2022 ஏப்ரலிலும் வெளிவந்த பிரசாந்த் நீலின் 'கே.ஜி.எஃப்.' படங்கள் இரண்டும் இவ்வூர்ப் பெயரை நாடறியச் செய்தன. சயனைடுக் குன்றுகளிலேயே அரங்கம் அமைத்துப் படமாக்கப்பட்டபோதும், அவற்றுள் வரும் 'நராச்சி' கற்பனை ஊர். அங்கு உழைப்போர் மீட்பனுக்காகக் காத்திருக்கும் அடிமைத் திரள். வரலாற்றுத் தங்கவயலோ வேறு. வட ஆர்க்காடு, சேலம், தருமபுரி, சித்தூர்ப் பகுதிகளிலிருந்து சென்ற தமிழ்த் தொழிலாளர், அவருள் பெரும்பான்மையோர் ஒடுக்கப்பட்ட சாதியினர், 1930இல் கைரேகைப் பதிவு முறையை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தவர்கள். சானகி நாயர் 1998இல் வெளியிட்ட மைசூர்த் தொழிலாளர் வரலாற்று நூல் இப்போராட்டங்களை விரிவாக ஆராய்கிறது. ஆளை அடையாளமிடும் விரல்தடத்தை மறுத்த கூட்டத்தைப் பெயரற்ற திரளாகக் காட்டுவது கற்பனை உரிமைக்குள் அடங்கும்தான். ஆனால் அப்படத்தின் சட்டகத்தையே இரவல் வாங்கும் மாணவக் காணொளி, அதன் மறதியையும் சேர்த்தே வாங்கிக்கொள்கிறது.

2024 ஆகஸ்டில் வெளிவந்த பா. இரஞ்சித்தின் 'தங்கலான்' இதற்கு மறுதலையாக அமைந்தது. அப்படத்திற்காக உமாதேவி எழுதி, ஜி. வி. பிரகாஷ்குமார் இசையமைத்த 'மினிக்கி மினிக்கி' பாடல், பெண்கள் முதன்முறையாக இரவிக்கை அணியும் மகிழ்ச்சியை மையமாகக் கொண்டது. ஓர் ஆடை, அதை உடுத்தும் உடல், அவ்வுடலுக்கு அதுவரை மறுக்கப்பட்டது என மூன்றையும் ஒரு நடனத்தில் கொணர்ந்தமை பாராட்டத்தக்கது. பொன்னைக் காட்டாமல் துணியைக் காட்டியதில் இருக்கிறது அதன் திறம். படத்தின் பிற்பகுதியில் தொன்மமும் மாயமும் மிகுந்து தொழில் பின்வாங்குகிறது என்ற குறையைச் சொல்லாமல் விடுதல் இயலாது. எனினும் தகவல் திரட்டலின் பயன் ஒரு பாடற்காட்சியில் எங்ஙனம் உருக்கொள்ளும் என்பதற்கு மாணவர் பயிலத்தக்க எடுத்துக்காட்டு இப்பாடலே.

இசைக்காணொளி ஆய்வில் ஆண்ட்ரூ குட்வின் 1992இல் எழுதிய நூல் இன்றும் பாடமாக வைக்கப்படுகிறது. சொல்லுக்கும் காட்சிக்கும், இசைக்கும் காட்சிக்கும் உள்ள உறவை எடுத்துரைத்த அவர், கலைஞரின் முகத்தை அண்மைக் காட்சியில் மீண்டும் மீண்டும் காட்டுமாறு இசை நிறுவனம் வற்புறுத்துவதையும் சுட்டினார். முகம் விற்பனைப்பொருள். அங்ஙனமாயின் எவர் முகம் என்ற வினா காணொளியோடு நில்லாது அட்டைக்கும் சுவரொட்டிக்கும் தொடர்கிறது.

அட்டையில் யார்?

இவ்வினாவுக்கு அண்மைக்காலத் தமிழிசையில் கசப்பான விடை ஒன்று உண்டு. 2021 மார்ச்சில் 'மாஜா' தளத்தின்வழி வெளிவந்த 'என்ஜாயி எஞ்சாமி' தங்கவயலைப் பற்றியது அன்று. ஆயினும் அதன் வேர் தங்கவயலின் வேரை ஒத்தது. தமிழகத்திலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்திற்குச் சென்று உழைத்துத் திரும்பிய வள்ளியம்மாளின் நினைவுகள், அவருடைய பேரன் அறிவின் சொற்களாயின. தீயும் அறிவும் பாடினர், சந்தோஷ் நாராயணன் இசை, அமித் கிருஷ்ணன் இயக்கம். காணொளியில் வள்ளியம்மாளே தோன்றுகிறார். ஒப்பனையாளர் எவரும் உருவாக்க இயலாத ஓர் ஆவணம் அவ்வகையில் காட்சிக்குள் வந்தமர்ந்தது. ஆய்வும் படைப்பும் வேறுபடாத இடம் அது.

ஆனால் 2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இடம்பெற்றனர், அறிவு இல்லை. அட்டை கொண்டாடிய 'என்ஜாயி எஞ்சாமி', 'நீயே ஒளி' ஆகிய இரண்டு பாடல்களிலும் அவர் எழுத்து இருந்தது. பா. இரஞ்சித் வெளிப்படையாகக் கண்டித்தபின் அவ்விதழ் அறிவின் படத்துடன் மின்னட்டை ஒன்றை வெளியிட்டது. 2022 ஜூலை 28 அன்று சென்னைச் சதுரங்க ஒலிம்பியாட் தொடக்கவிழாவில் அறிவு இல்லாமலே அப்பாடல் மேடையேறியது. தொடர்ந்து, பாட்டை ஆக்கியதில் எவர்க்கு எவ்வளவு பங்கு என்பதில் அறிவும் சந்தோஷ் நாராயணனும் தீயும் தத்தம் விளக்கங்களை வெளியிட்டனர். அவ்வழக்கில் தீர்ப்புரைப்பது திறனாய்வின் பணியன்று. பணி வேறு: காணொளி காத்த ஒன்றை விளம்பரத்தாள் இழந்தது என்பதைக் கண்டுரைத்தல். மண்ணையிழந்தோரின் பாட்டு, அதனைச் சொன்னவனையே சட்டகத்திற்கு வெளியே நிறுத்திய அட்டையால் விற்கப்பட்டது. விளம்பரப்பொருள் வெறும் இணைப்பு எனக் கருதும் வகுப்பறை இதனைக் கண்டுகொள்ளாது.

பெயரிடலின் இத்தொல்லை தங்கவயலுக்குப் புதிதன்று. அதற்கொரு நல்ல மரபும் அங்குண்டு. அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் சென்னை இராயப்பேட்டையில் தொடங்கிய இதழின் பெயர் 'ஒரு பைசாத் தமிழன்'. விலையையே தலைப்பாக்கிய அவ்வுத்தி, வாங்க வல்லவர் யார் என்பதை முகப்பிலேயே அறிவித்தது. தமிழ் விளம்பர வரலாறு எழுதுவோர் இதனைத் தவறவிடுதல் ஆகாது. ஓராண்டில் 'ஒரு பைசா' நீங்கித் 'தமிழன்' நின்றது. பண்டிதர் 1914இல் மறைந்த பின், 1926 முதல் அவ்விதழைக் கோலார் தங்கவயலிலிருந்து மீண்டும் நடத்தியவர் ஜி. அப்பாதுரையார். பண்டிதரின் நூல்களை அச்சிட்டுப் பரப்பியது அங்கிருந்த சித்தார்த்தா புத்தகசாலை. சுரங்கத் தொழிலாளரின் ஊர், தலைப்பேட்டில் பதிப்பிடமாகத் தன் பெயரைப் பொறித்துக்கொண்டது. பிற்காலத்தில், 2018 ஜனவரியில் சென்னையில் முதல் நிகழ்ச்சி நடத்திய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழுவின் பெயருக்கு ஊற்றாக இருந்ததும் பண்டிதரின் சாதியற்ற தமிழர் என்னும் கருத்தே. அறிவு அக்குழுவில் பாடியவர். தங்கவயலின் பழைய தலைப்பேட்டையும் இன்றைய இசைக்குழுவின் சுவரொட்டியையும் அடுத்தடுத்து வைத்து நோக்கும் மாணவர்க்கு எழுத்துரு, வண்ணம் முதலியவற்றிற்கான முன்மாதிரி அயல்நாட்டு இசைத்தட்டு உறைகளில் மட்டுமே இல்லை என்பது விளங்கும்.

கோப்பில் இருக்கவேண்டியன

இந்நோக்கில் திட்டக்கோப்பின் இயல்பே மாறுகிறது. பாட்டு எவருடையது என்பது முதல் வினா. 2012ஆம் ஆண்டின் பதிப்புரிமைத் திருத்தச் சட்டம் பாடலாசிரியர்க்கும் இசையமைப்பாளர்க்கும் உரிமத்தொகையில் உள்ள பங்கை வலுப்படுத்தியது. முதியவர் ஒருவர் பாடிக்காட்டிய மெட்டை எடுத்தாளும் மாணவர்க்கு அச்சட்டம் முழுவிடை தாராது. அவர் பெயர் பட்டியலில் எவ்விடத்தில், எவ்வளவு பெரிய எழுத்தில் வரும் என்பதைப் படப்பிடிப்புக்கு முன்பே எழுதிக்கொள்வதுதான் விடை. நேர்காணலுக்கு இசைவு, நிலத்திற்கு இசைவு ஆகியன அடுத்தவை. மூடிய சுரங்கவாய்கள் ஆபத்தானவை. குன்றுத்தூள் மூச்சுக்கு ஊறு செய்வது. சிலிகோசிஸ் நோயுற்ற தலைமுறையின் கண்முன் அத்தூளை வாரியிறைத்துப் படமெடுப்பதில் உள்ள பண்பின்மையைத் தனியே விளக்கத் தேவையில்லை.

மொழியும் கவனத்திற்குரியது. தங்கவயல் தமிழில் கன்னடமும் தெலுங்கும் ஆங்கிலச் சுரங்கச் சொற்களும் கலந்துள்ளன. அதனைச் சென்னை வழக்காக மாற்றிச் சொல்லிசை எழுதுவது எளிது. அவ்வாறே பலரும் செய்யக்கூடும். ஊரின் பேச்சைத் திருத்தாமல் பதிவுசெய்து, அதன் ஓசை நயத்திலிருந்து தாளத்தைத் தேர்வது கடினமாயினும் அதுவே ஆய்வின் பயன். விளம்பரத்தாளில் ஊர்ப்பெயரை எப்படி எழுதுவது என்பதிலும் இதே தேர்வு காத்திருக்கிறது. 'கே.ஜி.எஃப்.' என்றால் கண்முன் வருவது திரைநாயகன். 'கோலார் தங்கவயல்' எனில் அப்பாதுரையாரின் இதழ்முகவரி. 'மாரிக்குப்பம்' எனில் விடியற்காலை வண்டி.

காலமும் நெருக்குகிறது. குன்றுகள் நிற்கும் 1,003 ஏக்கர் நிலப்பரப்பில் கழிவிலிருந்து மீண்டும் பொன் பிரித்தெடுக்கும் ஒன்றிய அரசின் முன்மொழிவுக்குக் கருநாடக அமைச்சரவை 2024 ஜூனில் ஒப்புதல் அளித்தது. அப்பணி நடைபெறுமாயின் குன்றின் வடிவே மாறும். இடத்தேர்வுக்காக மாணவர் எடுத்த ஒளிப்படங்களும், நாளும் திசையும் குறித்த வரைபடங்களும், நேர்காணல் ஒலிப்பதிவுகளும் அப்போது காணொளியைவிட நெடுநாள் பயன்படக்கூடும். அவற்றைத் தேர்வு முடிந்ததும் அழிக்காமல் துறை நூலகத்தில் பெயர், நாள், இடக் குறிப்புகளோடு சேர்த்து வைப்பதற்கு மதிப்பெண் வழங்கும் பாடத்திட்டம் இனித்தான் வகுக்கப்பட வேண்டும்.