மீன் செத்தது, சான்று எங்கே?

உப்புநீர்த் தொட்டியில் காலையில் ஒரு மீன் செத்துக் கிடக்கிறது. நீரைச் சோதித்தால் அமோனியா பூஜ்யம், நைட்ரைட் பூஜ்யம், பி.எச். 8.2, உப்பு அடர்த்தி 1.025. எண்கள் எல்லாம் ஒழுங்காக இருக்க, மீன் மட்டும் போய்விட்டது. வளர்ப்பாளர் 'காரணம் தெரியவில்லை' என்று எழுதிவைத்து அடுத்த மீனை வாங்கப் போகிறார். சரியான கேள்வி கேட்கப்பட்டதா, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும் திறன் கையிலிருந்த கருவிக்கு உண்டா என்று பார்க்காமல் இந்த முடிவை ஏற்பதற்கில்லை. வளர்ப்பாளர்களிடையே புழங்கும் விளக்கங்களையும், அவற்றைத் தாங்கி நிற்கும் முறைகளையும் இந்த அளவுகோலில் நிறுத்திப் பார்ப்போம்.

முதலில் நீர்ச் சோதனை. இதன் தகுதியைக் குறைத்துச் சொல்வது நேர்மையாகாது. அமோனியாவில் நஞ்சு மிகுந்தது அயனியாகாத வடிவம். 25 டிகிரி வெப்பத்தில், பி.எச். 7 உள்ள நன்னீரில் மொத்த அமோனியாவில் அது ஒரு சதவீதத்துக்கும் கீழே, பி.எச். 8.2 உள்ள கடல்நீரில் ஐந்து சதவீதத்தைத் தாண்டிவிடும். நன்னீர்த் தொட்டி பொறுத்துக்கொள்ளும் கவனக்குறைவைக் கடல் தொட்டி பொறுக்காது. புதுத் தொட்டியில், நைட்ரஜன் சுழற்சி நிலைகொள்ளும் முன் நேரும் சாவுகளுக்கு இந்தச் சோதனை தரும் விடை பெரும்பாலும் போதுமானது. அதே அதிகாரத்தை ஓராண்டு கடந்த தொட்டிக்கும் நீட்டுவதில்தான் குறை தொடங்குகிறது. நைட்ரைட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நன்னீரில் அது செவுள் வழியாக இரத்தத்தில் ஏறி, ஆக்சிஜனைச் சுமக்கும் ஆற்றலைக் கெடுக்கும். கடல்நீரிலோ ஏராளமான குளோரைடு அயனிகள் செவுளின் அதே பாதைக்குப் போட்டியிடுவதால் நைட்ரைட் எளிதில் உள்ளே போவதில்லை. வேதியியலாளர் ராண்டி ஹோம்ஸ்-ஃபார்லி இதை விளக்கி எழுதி ஆண்டுகள் பல ஆகிவிட்டன. இருந்தும் சோதனைக் குழாயில் சற்று இளஞ்சிவப்பு தென்பட்டால் சாவை அதன் தலையில் கட்டுவது நிற்கவில்லை. நன்னீர் வளர்ப்பிலிருந்து கேள்வி கேட்காமல் கொண்டுவந்த பழக்கம் அது.

இதைவிடப் பெரிய குறை, சோதனைப் பெட்டியில் இடம்பெறாத அளவுகள். ஆக்சிஜனை அளக்கும் வளர்ப்பாளர் அரிது. 25 டிகிரியில் நன்னீர் லிட்டருக்கு ஏறத்தாழ 8.2 மில்லிகிராம் ஆக்சிஜன் கொள்ளும், கடல்நீர் 6.7 அளவே கொள்ளும். வெப்பம் 30ஐத் தொட்டால் அதுவும் இறங்கும். மே மாதத்துச் சென்னையில் நள்ளிரவில் மின்சாரம் போகிறது. நீரைக் கலக்கிக் காற்றேற்றும் ஸ்கிம்மரும் வேவ்மேக்கரும் நிற்கின்றன. பாசியும் பாறைக்குள் வாழும் உயிர்களும் மீன்களோடு சேர்ந்து இருக்கும் ஆக்சிஜனைச் செலவழிக்கின்றன. சில மணிநேரம் போதும். பெரிய உடம்பும் ஓயாத நீச்சலும் கொண்ட டேங் மீன்கள் முதலில் போகும். சிறிய கோபிகள் பிழைத்துக் கிடக்கும். மின்சாரம் திரும்பிப் பம்புகள் ஓடிய பிறகு, ஏழு மணிக்குச் சோதிக்கும்போது நீரில் ஒரு குறையும் தெரியாது. சோதனை பொய் சொல்லவில்லை. ஏழு மணி நீரைப் பற்றிச் சொல்கிறது. சாவு நடந்தது மூன்று மணிக்கு.

அண்மைக் காலத்தில் பரவியுள்ள ஐசிபி பகுப்பாய்வுக்கும் இதே மதிப்பீடுதான். முப்பதுக்கும் மேற்பட்ட தனிமங்களை அது அட்டவணையிட்டுத் தருகிறது. எங்கிருந்தோ செம்பு கசிந்ததா, பம்பின் துருப்பிடித்த காந்தத்திலிருந்து உலோகம் இறங்கியதா என்று அறிய அதற்கு நிகரான கருவி வளர்ப்பாளருக்குக் கிடையாது. ஆனால் அந்த அட்டவணையில் ஆக்சிஜன் இல்லை, அமோனியா இல்லை, பூச்சிமருந்து இல்லை, ஒட்டுண்ணி இல்லை. துல்லியம் கூடியதாலேயே பொருத்தமும் கூடிவிட்டதாகக் கொள்வது முறையியல் பிழை.

நீர் தப்பித்ததும் பழி மீனைப் பிடித்தவர் மேல் விழுகிறது. பிலிப்பைன்ஸில் 1960களின் தொடக்கத்தில் பரவத் தொடங்கிய சயனைடு மீன்பிடி கற்பனையல்ல. பவளப்பாறை இடுக்குகளில் சோடியம் சயனைடு கரைசலைப் பீய்ச்சி மீனை மயக்கிப் பிடித்தார்கள். பவளத்துக்கு அது இழைத்த கேடு ஐயத்துக்கு அப்பாற்பட்டது. ஆனால் வீட்டில் வாரக்கணக்கில் நன்றாகத் தின்ற மீன் திடீரென்று சாவதற்கும் அதையே காரணமாக்கும்போது, நிறுவுவது எப்படி என்ற கேள்வி எழுகிறது. சயனைடுக்கு ஆளான மீன் வெளியேற்றும் தயோசயனேட்டை, மீனைக் கொல்லாமல் அது வாழும் நீரிலேயே கண்டறியலாம் என்று 2012இல் போர்ச்சுகல் ஆய்வாளர்கள் ஒரு முறையை வெளியிட்டார்கள். எதிர்பார்ப்பு பெரிதாக இருந்தது. பின்வந்த ஆய்வாளர்கள் அதன் நம்பகத்தன்மையைக் கேள்விக்கு உட்படுத்தினார்கள். ஆக, வீட்டுத் தொட்டியில் செத்த மீனை வைத்து இந்தக் குற்றச்சாட்டை நிறுவவும் முடியாது, மறுக்கவும் முடியாது. அத்தகைய விளக்கம் வளர்ப்பாளருக்கு ஆறுதல், விசாரணைக்கு முட்டுச்சந்து. மறைமுகமான ஒரு சோதனை மட்டும் உண்டு. மண்டபத்திலும் விழிஞ்ஞத்திலும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் க்ளௌன் மீன்களைப் பொரிப்பகத்தில் இனப்பெருக்கம் செய்யவைத்திருக்கின்றன. கடலையே பார்க்காத அப்படிப்பட்ட மீனும் அதே தொட்டியில் அதே விதமாகச் செத்தால், சயனைடு வழக்கு தள்ளுபடி.

பிரிஸ்டில் புழுவுக்கு எதிரான வழக்கு இதைவிடப் பலவீனமானது. இரவில் பிணத்தைத் தின்ன வந்ததைப் பார்த்தே அதைக் கொலைகாரனாக்கிவிட்டார்கள். பிணம் தின்பது அதன் பிழைப்பு.

சான்று என்பது எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இத்துறைக்குள்ளேயே ஒரு நல்ல முன்மாதிரி இருக்கிறது. டேங் மீன்களின் தலையிலும் பக்கக்கோட்டிலும் தோல் அரித்துக் குழிவிழும் நோய்க்கு வைட்டமின் குறைவு, கருவிகளிலிருந்து கசியும் மின்சாரம், ஒட்டுண்ணி என்று ஆளுக்கொரு காரணத்தைப் பல்லாண்டுகள் சொல்லிவந்தார்கள். அமெரிக்காவின் டொலிடோ விலங்குக்காட்சிச் சாலையில் பணியாற்றிய ஜே ஹெம்டால், 2011இல் வெளியான ஆய்வில், ஒரே இன டேங் மீன்களைத் தனித்தனி அமைப்புகளில் வைத்துப் பார்த்தார். நீரைச் சுத்திகரிக்கப் பயன்படும் கரியைச் சேர்க்காத அமைப்பில் நோய் தோன்றவில்லை. தூள் உதிரும் லிக்னைட் கரி சேர்த்த அமைப்பில் மீன்கள் கடுமையாகப் பாதிக்கப்பட்டன. இந்த ஆய்வுக்கும் எல்லை உண்டு. பார்த்தது ஒரே இனம். எல்லாத் தொட்டிகளிலும் தோன்றும் எல்லா அரிப்புக்கும் கரிதான் காரணம் என்று அது நிறுவிவிடவில்லை. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு குழுவை ஒதுக்கி வைத்த அந்த ஒரே செயலால், அதற்குமுன் வந்த அத்தனை அபிப்பிராயங்களைவிடவும் அது உயர்ந்து நிற்கிறது.

வீட்டில் ஒப்பீட்டுக் குழு வைக்க முடியாது என்பார்கள். நியாயமான மறுப்புதான். ஆனால் பெரும்பாலான தொட்டிகளில் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. யாரும் அதை அப்படிப் பார்ப்பதில்லை. மீன்கள் சாகும்போது இறாலும் நத்தையும் என்ன செய்தன? செம்பு, மீன்களுக்கு இருப்பதைவிட முதுகெலும்பற்ற உயிர்களுக்குக் கொடிய நஞ்சு. கொசுவிரட்டித் திரவங்களில் உள்ள பைரித்ராய்டு வகை மருந்துகள் இறால், மீன் இரண்டையும் தாக்கும். காற்றுப் பம்பு உறிஞ்சுவது அறைக்குள் இருக்கும் அதே காற்றைத்தான் என்பதை நம் வீடுகளில் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. ஆகவே இறால் முதலில் சுருண்டு மீன் பின்னால் போயிருந்தால் நஞ்சைத் தேடுவது முறை. இறால் வழக்கம்போல் உலாவ, மீன்கள் மட்டும் சில நாள் இடைவெளிக்குள் ஒன்றன்பின் ஒன்றாகப் போனால், அந்த நாட்களில் எடுத்த நீர்ச் சோதனைகளை ஒதுக்கிவைத்துவிட்டு ஒட்டுண்ணி பக்கம் திரும்ப வேண்டும். எல்லாம் ஒரே இரவில் முடிந்திருந்தால் மின்தடை நேர்ந்ததா, ஆழமான மணலைக் கிளறி ஹைட்ரஜன் சல்பைடை வெளியேற்றினோமா என்று கேட்க வேண்டும். இது நிரூபணம் ஆகாது. ஐயத்துக்குரியவர்களின் பட்டியலைச் சுருக்கும் கருவி. செலவு ஒரு நோட்டுப் புத்தகம்.

அந்தச் சுருக்கப்பட்ட பட்டியலின் தலையில் என் மதிப்பீட்டில் நிற்பது வெல்வெட் எனப்படும் அமைலோடினியம். வெண்புள்ளி நோயைத் தரும் கிரிப்டோகேரியான் தன்னைக் காட்டிக்கொடுக்கும். உப்பைத் தூவினாற்போல உடம்பில் புள்ளிகள் தெரியும். அமைலோடினியம் முதலில் செவுளைப் பிடிக்கிறது. தோலில் மெல்லிய தூசுப் படலம் தெரிவதற்கு முன்பே மீன் செத்துவிடலாம். ஆனால் அதற்கு முந்திய ஓரிரு நாட்கள் வெறுமையாக இருப்பதில்லை: மூச்சு வேகமாகும், வெளிச்சத்தை விட்டு ஒதுங்கும், பம்பின் நீரோட்டத்துக்குள் முகம் கொடுத்து நிற்கும், உணவை மறுக்கும். காரணம் தெரியாத சாவு என்று சொல்லப்படும் கதைகளைக் கூர்ந்து கேளுங்கள். இந்த அறிகுறிகளில் இரண்டு மூன்றாவது போகிறபோக்கில் சொல்லப்பட்டிருக்கும். சொன்னவரே அதைச் சான்றாக எண்ணியிருக்க மாட்டார்.

உறுதிசெய்யும் வழி எளிது. செத்துச் சற்று நேரமே ஆன மீனின் செவுள் இழை ஒன்றை வெட்டித் தொட்டி நீர்த்துளியில் வைத்து, நூறு மடங்கு உருப்பெருக்கத்தில் பார்த்தால் பேரிக்காய் வடிவில் ஒட்டுண்ணி இழையைப் பற்றியிருப்பது தெரியும். பள்ளி ஆய்வகத்து நுண்ணோக்கியே போதும். இம்முறையின் பலவீனம் நேரம். உயிர் போன உடம்பை விட்டு ஒட்டுண்ணிகள் விலகிவிடும். வெதுவெதுப்பான நீரில் திசு விரைவாக அழுகும். உறைபெட்டியில் வைப்பதோ இன்னும் மோசம். பனிப்படிகங்கள் செல்களைக் கிழித்துவிடும். பனிக்கட்டி மேல் வைத்தால் சில மணிநேரம் கிடைக்கும். இரண்டாவது பலவீனம், கண்ணில் படுவதெல்லாம் கொன்றதாகாது என்பது. நலிந்த உடம்பில் பின்னால் வந்து குடியேறிய உயிரியாகவும் இருக்கலாம். எதுவும் தென்படாமல் போவதும் ஒட்டுண்ணி இல்லை என்பதற்குச் சான்றல்ல. இவ்வளவு குறையோடும், செத்த உயிரையே நேரடியாகக் கேட்கும் முறை இது ஒன்றுதான்.

வாங்கிய சில நாட்களுக்குள் சாகும் மீன்களைத் தனியே பிரித்தாக வேண்டும். பயணப் பையில் மீன் விடும் கரியமில வாயு பி.எச்.ஐத் தாழ்த்தி, சேர்ந்துபோன அமோனியாவின் நச்சை அடக்கிவைத்திருக்கும். பையைத் திறந்ததும் அந்த வாயு வெளியேறுகிறது, பி.எச். ஏறுகிறது, அமோனியா விழித்துக்கொள்கிறது. திறந்த பையில் மணிக்கணக்காகச் சொட்டுச் சொட்டாக நீர் விட்டுப் பழக்குவது அக்கறையாகத் தோன்றும். மீன் கிடப்பது நச்சுநீரில். இன்னொரு பக்கம், உப்புச் செலவைக் குறைக்கவும் ஒட்டுண்ணியை அடக்கவும் சில கடைகள் அடர்த்தியைத் தாழ்த்தி வைப்பதுண்டு. அங்கிருந்து நேராக 1.025க்கு வரும் மீன் உடலின் நீரை இழந்து ஓரிரு நாளில் சாகும். கடைத் தொட்டியின் அடர்த்தியைக் கேட்காமல் வாங்கியவர் வீட்டு எண்களை எத்தனை முறை சோதித்தாலும் பயனில்லை.

மருந்தை ஊற்றிப் பார்க்கும் முறைக்கு அதிக இடம் தேவையில்லை. செம்பு சரியான அளவில் வேலை செய்யும் என்பது உண்மை. ஆனால் அயனி வடிவச் செம்புக்கு அந்த அளவு லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் என்ற குறுகிய இடைவெளி. பாறையும் மணலும் உள்ள தொட்டியில் அவை செம்பை உறிஞ்சுவதால் அந்த அளவு நிலைக்காது. இறால் வகைகள் அழியும். மீன் பிழைத்தால்கூட எதிலிருந்து பிழைத்தது என்று தெரியாது.

எஞ்சுவது ஒரே விவாதம்: புது மீனைத் தனித்தொட்டியில் வைத்துப் பிறகு சேர்ப்பதா, நோயோடு வாழப் பழக்குவதா. 1961இல் ஜகார்த்தாவின் லீ சின் எங் முன்வைத்த இயற்கை முறையும், பின்னர் வந்த பெர்லின் முறையும் நீரைத் திறம்படக் கையாண்டன. ஒட்டுண்ணியைக் கையாளும் வழியை அவை தரவில்லை. அந்த வெற்றிடத்தில்தான் இரு தரப்பும் நிற்கின்றன. நல்ல உணவு, குறைந்த அழுத்தம், தாமாக வளரும் எதிர்ப்பாற்றல் என்று வாதிடுவோர் வெறுங்கையோடு பேசவில்லை. கிரிப்டோகேரியானுக்கு ஆளாகி மீண்ட மீன்கள் சில மாதங்களுக்குப் பாதுகாப்புப் பெறுவதை பர்ஜெஸ், மேத்யூஸ் இருவரும் 1995இல் காட்டினார்கள். ஆனால் அந்த வாதம் வெண்புள்ளிக்குப் பொருந்துவது. சில நாட்களில் கொன்றுமுடிக்கும் வெல்வெட்டின் முன் எதிர்ப்பாற்றல் வளர அவகாசமே இல்லை.

தனித்தொட்டியும் குற்றமற்றதல்ல. நுண்ணுயிர் ஊறாத வெறுந்தொட்டியில் அமோனியா ஏறியும், செம்பின் அளவு தவறியும் செத்த மீன்கள் ஒட்டுண்ணியின் கணக்கில் எழுதப்படுகின்றன. வெண்புள்ளி நோய் புகுந்த பெரிய தொட்டியை மீனின்றி விட்டுவைக்க வளர்ப்பாளர்கள் சொல்லும் 76 நாட்கள், கொலோர்னியும் பர்ஜெஸ்ஸும் 1997இல் தொகுத்துத் தந்த 72 நாள் உச்சவரம்பின் மேல் கட்டப்பட்டது; மிக நீண்டதையே விதியாக்கும் எச்சரிக்கை அது, பொறுமையைச் சோதிப்பதும் அதுவே. இத்தனையும் எடைபோட்ட பிறகும் தராசு தனித்தொட்டிப் பக்கம் சாய்கிறது. புது மீனின் சாவையும் பழைய தொட்டியின் சாவையும் பிரித்துக் காட்டுவது அது மட்டும்தான். நோயறிதலுக்கு அடிப்படையே அந்தப் பிரிப்பு. கடல் தொட்டி வைத்திருக்கும் வாசகர் அடுத்த மீனுக்கு முன்பணம் கொடுக்கும் முன், ஊறிய ஸ்பாஞ்சு ஃபில்டரோடு சிறிய தனித்தொட்டி ஒன்றையும் பழைய நுண்ணோக்கி ஒன்றையும் வாங்கி வைக்கட்டும். ஐசிபி சோதனைக்கான செலவு அதற்குப் பிறகு வரட்டும்.