அனுபவம் சான்றா, வினாவா? அம்பேத்கரின் 1916ஆம் ஆண்டு ஆய்வுரையை முன்வைத்து

விளிம்புநிலையிலிருந்து வரும் ஆய்வு மாணவரிடம் சமூகவியல் துறை பெரும்பாலும் எதிர்பார்ப்பது வாழ்க்கைக் குறிப்பையே, கோட்பாட்டை அன்று. கோபால் குரு 2002இல் இவ்வேலைப் பிரிவினையைக் கோட்பாட்டுப் பார்ப்பனர், தரவுச் சூத்திரர் எனச் சுட்டினார்.

இதற்கு நெடுங்காலம் முன்பே ஒரு மாணவர் அவ்வெதிர்பார்ப்பை மீறியிருந்தார். கொலம்பியாவில் பயின்ற அம்பேத்கர், 1916 மே 9 அன்று, கோல்டன்வைசரின் மானிடவியல் கருத்தரங்கில் 'இந்தியாவில் சாதிகள்' என்னும் ஆய்வுரையை வாசித்தார். வயது 25. பள்ளியில் தனியே கோணிச் சாக்கில் அமர்த்தப்பட்டவர் அவர். அதைப் பின்னாளில் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' நூலில் எழுதினார். இவ்வுரையில் ஒரு சொல்லும் இல்லை. தீட்டைச் சாதியின் தனித்தன்மையாகக் கொண்ட செனாரை மறுத்து, அகமணமே அதன் உயிர்நிலை என்கிறார். உடன்கட்டை, கட்டாயக் கைம்மை, குழந்தை மணம் ஆகியன அகமணத்தைக் காக்கும் வழிகள் என நிறுவுகிறார். தீட்டின் வலியை உடலால் அறிந்தவரே அதை மூலமாகக் கொள்ளவில்லை என்பது நோக்கத்தக்கது.

நாமக்கல் பகுதி அருந்ததியரின் தொழில்மாற்றத்தை ஆராயும் எனக்கு இது வழிகாட்டிற்று. என் பாட்டனார் கவலைக் கிணறுகளுக்குத் தோல் தைத்தவர். மின்மோட்டார் வந்ததும் அவ்வேலை போயிற்று. இதைத் தனி இயலாக எழுதுமாறு ஓர் ஆய்வரங்கில் கூறினர். எழுதவில்லை, சற்றுப் பிடிவாதந்தான். மாறாக, அதை நேர்காணல் வினாவாக்கினேன். 'கிணறு யாருடையது?' என்பதோடு, 'தோல் தைத்தவர் வீட்டுக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது?' என்றும் கேட்டேன். முதல் வினாவுக்கு விடை உடனே கிடைத்தது. இரண்டாவதற்கு, முதியோர் பலரும் என் ஊரையும் பாட்டனார் பெயரையும் கேட்டறிந்த பின்னரே வாய் திறந்தனர்.