நீலம் எந்தப் பக்கமிருந்து வருகிறது?

ஜாஸ் ஆல்பங்கள் இரண்டு: ஜான் கோல்ட்ரேனின் ‘ப்ளூ டிரெய்ன்’, மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’. முதலாவது 1957இல் பதிவானது, அடுத்தது 1959இல். இரண்டு ஆல்பங்களின் அட்டைகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பது எனக்குப் பிடித்த பொழுதுபோக்கு. கோல்ட்ரேன் தலை கவிழ்ந்து, விரலை உதட்டருகே வைத்து ஏதோ யோசனையில் இருக்கிறார். ஃபிரான்சிஸ் உல்ஃப் எடுத்த அந்தப் படத்தை வடிவமைப்பாளர் ரீட் மைல்ஸ் நீலத்தில் முக்கி எடுத்திருக்கிறார். முகம், கை, பின்னணி எல்லாம் ஒரே நீலம். டேவிஸின் படமோ நியூயார்க்கின் அப்பல்லோ தியேட்டரில் அவர் வாசித்துக்கொண்டிருந்தபோது ஜே மைஸல் எடுத்தது. அதில் வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து வந்து முகத்தில் படுகிறது, மறுபக்கம் இருட்டு. முன்னதில் நிறம் மையிலிருந்து வந்தது, பின்னதில் விளக்கிலிருந்து. மைக்குத் திசை கிடையாது. விளக்குக்கு உண்டு.

விளக்கின் முன்னால் ஜெல் என்னும் நிறத்தாளைப் போட்டு எடுக்கும் படத்தின் ருசியெல்லாம் இந்தத் திசையில்தான் இருக்கிறது. இது தெரியாமல் எடுத்த படங்கள்தான் இன்று அதிகம். தனிப்பாடல் வெளியிடும் எந்தப் பாடகரின் போஸ்டரைப் பார்த்தாலும் பாதி முகம் சிவப்பு, பாதி முகம் நீலம். இரண்டு விளக்கும் சம பலத்தில் அடிப்பதால் நிழலே இல்லை. நிழல் இல்லாத இடத்தில் நிறம் வெறும் மையாகிவிடுகிறது. அவர் கானா பாடுகிறாரா கஜல் பாடுகிறாரா என்று அந்தப் படம் சொல்லாது. விளம்பரப் படத்துக்கு இருக்கும் வேலையே அதைச் சொல்வதுதான்.

பாடகர் என்றால் இன்னொரு சிக்கலும் உண்டு. சிவப்பு ஒளியில் தழும்பும் பருவும் மறைந்து தோல் வழுவழுவென்று ஆகும். கூடவே உதடும் கரைந்துபோகும். பாடுகிறவருக்கு வாய் இல்லாத படம்! கேமராவின் சென்சாரும் சிவப்புக்கு அவ்வளவு தோதானது அல்ல. அதன் நான்கு புள்ளிகளில் இரண்டு பச்சைக்கு, ஒன்று நீலத்துக்கு, ஒன்றே ஒன்று சிவப்புக்கு. மொத்த வெளிச்சக் கணக்கில் படம் இருட்டாகத் தெரிய, இன்னும் கொஞ்சம் ஏற்றினால் சிவப்பு மட்டும் நிரம்பி வழிந்து கன்னம் தட்டையான சிவப்புத் தாளாகிவிடும்.

ஜெல் நிறத்தைக் கூட்டுவதில்லை. மற்ற நிறங்களை விழுங்கிவிட்டு ஒன்றை மட்டும் வெளியே விடுகிறது. லீ நிறுவனத்தின் 181ஆம் எண், காங்கோ ப்ளூ, இதில் பெருந்தீனிக்காரன். எவ்வளவு பவர் கொடுத்தாலும் சொற்ப வெளிச்சமே மிஞ்சும். அந்தச் சொற்பத்தின் மேல் முகத்துக்கு அடிக்கும் வெள்ளை விளக்கு சிந்தினால் ஆழமான நீலம் வெளுத்துப்போகும். அதனால்தான் நல்ல கைகள் முதலில் வெள்ளை விளக்கை அடக்குகின்றன: முன்னால் தேன்கூடு போன்ற கிரிட், பக்கத்தில் வெளிச்சத்தை மறைக்க ஒரு கட்டர், சுவரிலிருந்து ஆளைத் தள்ளி நிறுத்துவது. பிறகு ஜெல் விளக்கைக் கூட்டுவதற்குப் பதில் குறைத்துப் பார்ப்பார்கள். மங்கினால்தான் நிறம் அடர்த்தியாகும். ஏற ஏற வெளிறும்.

நம் ஊர்க் கறுத்த தோலில் ஜெல் விழும் அழகைப் பற்றித் தனியாகவே எழுதலாம். தோல் இரண்டு விதமாக ஒளியைத் திருப்புகிறது. உள்ளே போய்த் திரும்பும் ஒளி தோலின் நிறத்தோடு கலந்து வருகிறது; மேல்பரப்பின் மினுமினுப்பில் பட்டுத் தெறிக்கும் ஒளியில் விளக்கின் நிறம் அப்படியே இருக்கிறது. வெளிர்ந்த முகத்தில் முதலாவது அதிகம் என்பதால் நிறம் முகமெங்கும் பூசினதுபோல் பரவும். கறுத்த முகத்தில் அது குறைவு. அங்கே கன்ன எலும்பிலும் மூக்குத் தண்டிலும் தாடையோரத்திலும் மட்டும் நிறம் கோடு போட்டு நிற்கும். மேக்கப்காரர் பவுடரை அப்பி அந்த மினுமினுப்பைத் துடைத்துவிட்டால் பாதிப் படம் போச்சு.

வாத்தியத்துக்கு வேறு கணக்கு. சாக்ஸபோனின் பித்தளை கிட்டத்தட்ட ஒரு கண்ணாடி. எதைக் காட்டுகிறோமோ அதைத்தான் திருப்பிக் காட்டும். நீளமான ஸ்ட்ரிப் பாக்ஸில் ஆரஞ்சு ஜெல்லை மாட்டிப் பக்கத்தில் நிறுத்தினால் குழல் நெடுக ஒரே ஒரு நெருப்புக் கோடு ஓடும். மிருதங்கமோ எதிர்மாறு: வலந்தலையின் வெளிர்தோல் நிறத்தை முழுசாக வாங்கிக்கொள்ளும், நடுவிலுள்ள கருப்பு வட்டம் கொஞ்சம்தான் திருப்பித் தரும்.

இருக்கிற உத்திகளிலெல்லாம் எனக்கு உசத்தியாகப்படுவது ஒன்று. முகத்துக்கு வரும் ஃபிளாஷில் லீயின் 204ஆம் எண் ஆரஞ்சு ஜெல்லைப் போட்டு, கேமராவின் ஒயிட் பேலன்ஸை 3200 கெல்வினுக்கு இறக்கிவிடுவது. கேமராவுக்கு இப்போது அந்த ஆரஞ்சுதான் வெள்ளை. முகம் தன் நிறத்திலேயே இருக்கும். பின்னாலுள்ள பகல் வெளிச்சம், ஜன்னல், மொட்டை மாடி வானம் எல்லாம் நீலமாகிவிடும். நீல ஜெல்லை யாரும் எங்கேயும் மாட்டவில்லை. நிறம் ஆளை விட்டு விலகி அவர் நிற்கும் இடத்துக்குப் போய்விடுகிறது. மெதுவான பாட்டுக்காரர்களுக்கு இதைவிடப் பொருத்தமான வெளிச்சம் எனக்குத் தெரியவில்லை.

இப்போது ஆர்ஜிபி எல்இடி விளக்குகள் வந்துவிட்டன. பலவற்றின் மெனுவில் லீ, ராஸ்கோ நிறுவனங்களின் ஜெல் எண்களே வரிசையாக இருக்கின்றன. தாளை வெட்டும் வேலை மிச்சம். ஆனால் அச்சுத் தொல்லை அப்படியேதான் இருக்கிறது. செல்போன் திரையில் ஜொலிக்கும் காங்கோ நீலம், நான்கு மை அச்சில் சபா நோட்டீஸுக்குப் போனால் மங்கிய கத்தரிப்பூ நிறமாகி வரும். 115ஆம் எண் மயில் நீலம் சயான் மைக்கு நெருக்கமானது, அது அச்சில் பிழைத்துக்கொள்ளும். போஸ்டரும் வேண்டும், இன்ஸ்டாகிராமும் வேண்டும் என்கிற பாடகருக்கு இரண்டு நீலத்திலும் ஒவ்வொரு செட் எடுத்துக் கொடுத்துவிடுவதே நல்லது. ஜெல்லை மாற்ற ஒரு நிமிஷம்தான். அதற்குள் அவரும் ஒரு வாய் வெந்நீர் குடித்துக்கொள்வார்.